அன்னப்பேச்சிக்கு எழுபத்தைந்தாவது கல்யாண நாள்

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அப்பா மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று ஐம்பது நாள் ஆகிறது. அதற்குள் வீட்டிலிருக்கும் எல்லா ஸ்விட்சையும் கழற்றி மாட்டிவிட்டார். கழற்ற ஒன்றும் மிஞ்சாததால் இப்போது குடும்பத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

கூட வேலை பார்த்தவர் ஒருவர் இணையதளம் ஒன்றைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். நம் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று ஏறிக்கொண்டே போனால் குடும்ப மரம் முளைக்கும். நாம் போட்ட ஆளை வேறு யாராவது எங்காவது போட்டிருந்தால், 'இவர் உங்கள் உறவா?' என்று அதுவே கேட்கும். அப்பா சொல்லச் சொல்ல டைப் அடிப்பது நான்தான்.

தாத்தா வழியில் ஆறு தலைமுறை மளமளவென்று வந்துவிட்டது. அப்பாவின் அம்மா வழியில் ஒரே ஒரு பெயர், வீரம்மாள். அப்பாவுக்கு நாலு வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். பிறந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை.

"ஒரு பக்கம் பூராம் மொட்டையா நிக்குதும்மா" என்று அந்தக் காலிக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து போய் மோட்டார் போட்டார்.

அப்பாவின் அக்கா சொர்ணத்தாய் அத்தை பிறந்தது 1951 என்று போட்டதற்கு, அத்தை போனில் அரைமணி நேரம் திட்டினார். "ஏண்டி தமயந்தி, என் வயசை உலகத்துக்கே தந்தி அடிக்கணுமா?" இணையத்தில் போடுவதில் இப்படியும் ஒரு தொல்லை இருக்கிறது.

அடுத்த ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பதினோராவது மாப்பிள்ளை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மாப்பிள்ளை பெயர் சுரேந்தர். சாத்தூரில் பட்டாசுக் கடை. தனியாகப் பேசச் சொல்லி எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள்.

"போனுக்கு லாக் போட்டிருக்கீங்களா?" என்றான்.

"ஆமா. ஏன்?"

"சும்மா கேட்டேன். ஆபீஸ்ல ஆம்பளைங்க எத்தனை பேரு?"

"இருபத்திரெண்டு. அடுத்த மாசம் ஒருத்தர் ரிட்டயர் ஆகிறார். இருபத்தொண்ணு ஆயிரும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகத் தேவையிருக்காது என்றான். யாருக்குத் தேவையிருக்காது என்று சொல்லவில்லை.

கீழே வந்தால் எல்லாம் முடிந்திருந்தது. ஜாதகம் பொருந்துகிறது, குடும்பம் பொருந்துகிறது, அம்மாவின் வடையும் பொருந்திவிட்டது. "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று அப்பா கேட்டார். "பிடிக்காம என்ன?" என்று அம்மா எனக்காகச் சொல்லிவிட்டாள். பத்து மாப்பிள்ளைகளுக்குப் பத்துக் காரணம் சொல்லி முடித்துவிட்டேன். முப்பத்து மூன்று வயதில் புதிதாக ஒரு காரணத்துக்கு எங்கே போவது? மிச்சமிருந்த வடையை எல்லாம் நானே தின்றேன்.

ஆகஸ்ட் 29

காரணம் கிடைத்துவிட்டது. இல்லை, உண்டாக்கிவிட்டேன்.

எனக்கு வேலை இன்சூரன்ஸ் கம்பெனியில், வருகிற கிளெய்ம்களில் பொய் எது என்று கண்டுபிடிப்பது. பொய் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்தவளுக்கு அதை எங்கே ஒளித்து வைக்கலாம் என்றும் தெரியும்.

சுரேந்தரின் தாத்தா பெயர் சீனியப்பன். அவருக்கு ஒரு மூத்த தாரம் இருந்தாள், அவள் வீரம்மாளின் கூடப் பிறந்த அக்கா என்று வைத்துக்கொள்வோம். அக்கா தங்கையைக் கட்டியதால் என் தாத்தாவும் அவன் தாத்தாவும் சகலை ஆகிவிடுகிறார்கள். சகலைகளின் பிள்ளைகள் அண்ணன் தம்பி. அந்த அண்ணன் தம்பிக்குப் பிறந்த நாங்கள் அண்ணன் தங்கை. அண்ணனைக் கட்டிக்கொள் என்று சொல்கிற அம்மா எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

'சாத்தூர் உறவுகள்' என்று ஒரு கற்பனைப் பெயரில் அதே இணையதளத்தில் கணக்கு ஆரம்பித்து, மற்றவர்கள் போட்ட மரங்களைப் பார்த்தேன். ஆண்கள் எல்லாருக்கும் பெயர், அப்பன் பெயர், ஊர் எல்லாம் இருக்கின்றன. பெண்களுக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. கட்டிக்கொடுத்ததும் பிறந்த வீட்டிலிருந்து பெயர் விழுந்துவிடும், போன வீட்டில் 'மனைவி' என்று மட்டும் ஏறும். கோபப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இருந்தவர்களையே காணோம் என்கிற இடத்தில் இல்லாதவள் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

பெயர் அன்னப்பேச்சி. பிறந்தது 1929. கல்யாணம் 27.12.1948. இறந்தது 1950, பிள்ளை இல்லை. கல்யாணத்துக்கு மட்டும் நாள் தேதியோடு போட்டேன். ஒரு தேதியாவது துல்லியமாக இருந்தால் மற்றதை யாரும் குடைய மாட்டார்கள். ஆபீசில் நான் பார்க்கிற பொய்களெல்லாம் அப்படித்தான் வரும்.

செப்டம்பர் 2, சனி

காலையில் இணையதளம் அப்பாவைக் கேட்டிருக்கிறது, 'வீரம்மாளின் சகோதரி அன்னப்பேச்சி. இவர் உங்கள் உறவா?' என்று.

அப்பா என்னை உலுக்கி எழுப்பினார். "எங்கம்மாவுக்கு ஒரு அக்கா இருந்திருக்காம்மா! எனக்கு ஒரு பெரியம்மா!" கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு துண்டை எடுத்துத் துடைத்தார். மின்விசிறி ஓடவில்லை. இது நான் எதிர்பார்த்ததல்ல. இதைப் பற்றி இப்போது எழுத விருப்பமில்லை.

பத்து நிமிடம் கழித்துத்தான் யாருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறது என்று பார்த்தார். விரல் விட்டு முறை எண்ணினார். "ஏ, இங்க வா. அந்தப் பையன் அண்ணன் முறைல்ல வர்றான்!"

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "நல்லவேளை, தட்டு மாத்தலை" என்றாள். சாத்தூருக்குப் போன் போயிற்று. அந்தப் பக்கமும் ஒரு பெரியவர், தாத்தாவுக்கு மூத்த தாரம் ஒன்று இருந்ததாகக் கேள்விப்பட்ட ஞாபகம் என்று சொன்னாராம். மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள்.

நான் சாயங்காலம் அழுதேன். அளவாக.

செப்டம்பர் 3

மத்தியானம் நிம்மதியாக இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

அருப்புக்கோட்டையிலிருந்து சொர்ணத்தாய் அத்தை வந்தார். வீரம்மாளின் பிறந்த வீடு பற்றித் தெரிந்த ஒரே ஆள் இவர்தான். இவரை நான் யோசிக்கவே இல்லை. பயத்தில் கொத்தமல்லித் தழையோடு வேரையும் நறுக்கிச் சட்னியில் போட்டுவிட்டேன்.

"அக்கா, அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தாகளா?" என்று அப்பா கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். காபியை ஆற்றினார். "அன்னப்பேச்சி பெரியம்மாதானே? நல்லா இருந்தாளே! எனக்கு ரெட்டைச் சடை போட்டு விட்டவள்ல அவ. வலிக்குதுன்னா தலையில நங்குன்னு ஒரு கொட்டு வைப்பா."

அப்பா நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

என் கணக்குப்படி அன்னப்பேச்சி இறந்தது 1950. அத்தை பிறந்தது 1951. செத்து எத்தனை வருடம் கழித்து வந்து சடை போட்டாளோ தெரியவில்லை. அத்தைக்கு வயதாகிவிட்டது, பாவம், நினைவு குழம்புகிறது. திருத்தலாம் என்றால் நான் எந்த வாயால் திருத்துவது?

செப்டம்பர் 21

ஒருவர் மரத்தில் இருக்கும் ஆளை இன்னொருவர் ஒரு பொத்தானை அழுத்தித் தன் மரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் மச்சான், சென்னைச் சித்தப்பா என்று ஒன்பது மரங்களில் அன்னப்பேச்சி ஏறிவிட்டாள். யாரோ ஒரு போட்டோவே போட்டிருக்கிறார்கள். ஸ்டூடியோ நாற்காலியில் இரண்டு பெண்கள். 'இடது: அன்னப்பேச்சி அம்மாள்.' வலது பக்கம் இருப்பவர் யார் என்று தெரியவில்லையாம்.

இன்று எங்கள் மரத்துக்கு ஒரு செய்தி வந்தது.

'வணக்கம். நான் மாரீஸ்வரன், சாத்தூரில் கால்நடை மருத்துவர். சுரேந்தர் என் பெரியப்பா மகன். சீனியப்பன் எனக்கும் தாத்தா. அவருக்கு மூத்த தாரம் இருந்தது உங்கள் மரத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஆதாரம் ஏதும் உண்டா?'

ஆதாரம் கேட்பது என் தொழில். என்னிடமே கேட்கிறார். 'அன்புள்ள மாரீஸ்வரன் அண்ணா' என்று ஆரம்பித்து, நாலு வரியில் மூன்று அண்ணா போட்டுப் பதில் அனுப்பினேன்.

அக்டோபர் 8

சாத்தூர் டாக்டர் விடுவதாக இல்லை. வாரத்துக்கு மூன்று கேள்வி. கல்யாணம் எங்கே நடந்தது? பெண் வீட்டில். எந்த ஊர்? அதைத்தான் அப்பா தேடிக்கொண்டிருக்கிறார், அண்ணா. சரி தங்கச்சி, அன்னப்பேச்சி எப்படிப்பட்டவர்?

புளிக்குழம்பு வைப்பதில் கெட்டிக்காரி, மூக்குக்கு மேல் கோபம் வரும், பொய் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது என்று எழுதினேன். 'இதற்கும் ஆதாரம் உண்டா?' என்று பதில் வந்தது.

ஒருநாள் அவர் எழுதியிருந்தார்: 'என் பண்ணையில் ஒவ்வொரு மாட்டுக்கும் தாய், தாயின் தாய், அதன் தாய் வரைக்கும் பதிவேடு வைத்திருக்கிறோம். பெற்ற அம்மாவின் அம்மா பெயர் கேட்டால் மாட்டுக்காரர் முழிக்கிறார்.' படித்துவிட்டுப் பேருந்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சந்தேகம் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இத்தனை பதில் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

அக்டோபர் 23, ஆயுத பூஜை

மாரீஸ்வரன் அண்ணா மதுரைக்கு வந்திருந்தார். அம்மா, "ஒன் அண்ணன் வந்திருக்கான் பாரு" என்று வாசலிலிருந்தே கத்தினாள். நல்ல உயரம். தகவலுக்காக எழுதுகிறேன்.

அப்பாவும் அவரும் நாலு மணி நேரம் பேசினார்கள். அப்பா தன் காலிக் கட்டங்களைக் காட்டினார். மற்றவர்களைப் போல 'விடுங்க சார்' என்று சொல்லாமல், எந்த ஊர்ப் பதிவேடு எங்கே இருக்கும் என்று உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். நான் சுண்டல் கொடுத்தபோது ஒரு விநாடி என்னையே பார்த்துவிட்டு, "நீங்கதான் அன்னப்பேச்சியக் கண்டுபிடிச்சதா?" என்று கேட்டார். இணையதளம் கண்டுபிடித்தது என்றேன்.

கிளம்பும்போது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன்னு ஆயிட்ட. தங்கச்சிக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை பாருய்யா."

"பாத்துருவோம் சித்தி" என்றார். என்ன அவசரமோ.

நவம்பர் 12, தீபாவளி

டாக்டர் மும்முரமாக மாப்பிள்ளை பார்க்கிறார். இதுவரை மூன்று அனுப்பியிருக்கிறார். 'ஒன்று: வயது 36, பல் வரிசை நன்றாக இருக்கிறது, அதட்டினால் மிரள்கிறார். இரண்டு: தீனி அதிகம், நடை மந்தம். மூன்று: நல்ல குணம், ஆனால் ஏற்கெனவே ஒரு வீட்டில் கட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு.'

மூன்றையும் நிராகரித்துக் கடிதம் எழுதினேன். ரொம்ப சந்தோஷம் என்று பதில் வந்தது.

நவம்பர் 26

சுரேந்தருக்கு நிச்சயம் ஆகிவிட்டது. அம்மா பெருமூச்சு விட்டாள். பெண் கராத்தே சொல்லிக்கொடுக்கிறவளாம். மிக்க மகிழ்ச்சி.

தீபாவளிக்கு அப்புறம் டாக்டர் என்னைத் தங்கச்சி என்று எழுதுவதில்லை. டைப் அடிக்கச் சோம்பலாக இருக்கும். நானும் அண்ணாவை விட்டுவிட்டேன். எதற்கு வீணாக மூன்று எழுத்து?

டிசம்பர் 15, வெள்ளி

எனக்கு ஏன் கல்யாணம் தட்டிப் போகிறது என்று அம்மா ஜோசியரைக் கேட்டிருக்கிறாள். குடும்பத்தில் சுமங்கலியாகப் போன ஒரு பெண்ணை யாரும் கும்பிடவில்லை, அவள் மனம் குளிர வேண்டும் என்றாராம். அம்மாவுக்கு உடனே யார் என்று தெரிந்துவிட்டது.

மார்கழி பிறந்தால் நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது என்பதால் இன்றைக்கே படையல். அன்னப்பேச்சிக்குப் புடவை வாங்க என்னைத்தான் அனுப்பினாள். இல்லாதவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கடையில் முக்கால் மணி நேரம் நின்றேன். அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை. இலை போட்டுப் புளிக்குழம்பு ஊற்றி, நான் விழுந்து கும்பிட்டேன். பெரியம்மா, என்னை மன்னித்துவிடு என்று மனதில் நிஜமாகவே சொல்லிவிட்டேன்.

கும்பிட்ட புடவையை வீட்டில் பிறந்த பெண் கட்ட வேண்டுமாம். அத்தை அதற்காகவே வந்திருந்தார். "பெரியம்மாவுக்கு அரக்குன்னா உசுரு" என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 27

காலை ஆறு மணிக்கு எல்லார் போனும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. 'சீனியப்பன் – அன்னப்பேச்சி தம்பதிக்கு இன்று 75ஆவது திருமண நாள்!' இணையதளம் பூங்கொத்துப் படம் போட்டு அனுப்பியிருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேருக்கும் வாழ்த்து குவிகிறது. சிங்கப்பூர் மச்சான் கேக் படம் போட்டிருக்கிறான்.

ஏழு மணிக்கு டாக்டர் போன் செய்தார்.

"கல்யாண நாள் வாழ்த்துச் சொல்லலாம்னு கூப்பிட்டேன். வாசல்ல கோலம் போட்டாச்சா?"

"அம்மா போட்டுட்டாங்க. பூசணிப்பூக்கூட வெச்சிருக்காங்க."

"ஏன் பூசணிப்பூ?"

"மார்கழி இல்லையா" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குக் காது சுட்டது.

"ஆமாங்க, மார்கழி. நம்ம பக்கம் மார்கழியில எவனாச்சும் கல்யாணம் வைப்பானா?"

ஆங்கிலத் தேதியிலேயே வேலை பார்த்துப் பழகிய மூளை. இத்தனை நாள், இத்தனை பேர் பார்த்த தேதி. ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"செப்டம்பர் இருபத்தொண்ணுல இருந்து. மொத நாளே."

"அப்புறம் ஏன் மூணு மாசமாக் கேள்வி கேட்டீங்க?"

"இம்புட்டு அழகாப் பொய் சொல்றது யாருன்னு பாக்கணும்னு தோணுச்சு. பாத்துட்டேன். இப்பச் சொல்லுங்க, அன்னப்பேச்சி இல்லைன்னா நான் உங்களுக்கு என்ன முறை?"

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அக்டோபரிலிருந்தே பிடித்திருக்கிறது. இந்த நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். ஒருவனை விரட்டுவதற்கு நான் போட்ட வேலி, நான் விரும்புகிறவரையும் வெளியே நிறுத்திவிட்டது.

ஜனவரி 3

அன்னப்பேச்சியை நீக்கினேன். 'உறுதியாக நீக்கவா?' ஆம்.

அரை நிமிடத்தில் இணையதளம் சொல்கிறது: 'உங்கள் மரத்தில் ஒருவர் விடுபட்டிருக்கலாம். அன்னப்பேச்சி, 41 மரங்களில் இருக்கிறார். சேர்க்கவா?'

வேண்டாம் என்று அழுத்தினேன். சாயங்காலம் அப்பா சேர்த்துவிட்டார்.

ஜனவரி 21, ஞாயிறு

தை பிறந்ததும் டாக்டர் அவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இன்று அவர் அப்பா என் அப்பாவைக் கூப்பிட்டு, "தங்கச்சியக் கட்டணும்ங்கிறான், புத்தி பெரண்டுருச்சு" என்று அழாத குறையாகச் சொன்னார். வீட்டில் அடுப்பு எரியவில்லை.

வேறு வழியில்லை. அப்பா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்னப்பேச்சி என்று யாரும் இல்லை, நான்தான் உண்டாக்கினேன், சுரேந்தரைத் தட்டிக்கழிக்க.

அப்பா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கோபம் இல்லை. இரக்கம்.

"அந்தப் பையன் மேல ஆசை வந்துருச்சு. அதுக்காகப் பெரியம்மாவே இல்லைன்னு சொல்றியேம்மா."

"நெஜமாப்பா. நான்தான் போட்டேன்."

"நாப்பத்தொரு பேரு போட்டிருக்காங்க. எல்லாரும் நீயா? அக்காவுக்குத் தலை பின்னி விட்டிருக்கா. போட்டோ இருக்கு."

"அப்பா, மார்கழியில கல்யாணம்னு போட்டிருக்கேன் பாருங்க!"

"தேதி எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்" என்றார். ஆபீசில் நான் எத்தனை பேரை நம்பாமல் அனுப்பியிருக்கிறேன். அதில் எத்தனை பேர் உண்மையைச் சொன்னார்களோ?

பிப்ரவரி 4, ஞாயிறு

அத்தை இரண்டு வீட்டையும் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார். டாக்டரும் அவர் அப்பா சங்கரபாண்டியும் வந்தார்கள். யாரும் காபியைத் தொடவில்லை. அத்தை அந்த அரக்குப் புடவையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர்தான் ஆரம்பித்தார். "அந்தக் கல்யாணம் நடந்திருக்காதுங்க. டிசம்பர் இருபத்தேழு மார்கழி. நீங்களே சொல்லுங்க அத்தை."

"மார்கழிதான்" என்றார் அத்தை. "அதுனாலதான் நின்னு போச்சு."

சங்கரபாண்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"எம்புட்டு வருசமோ மறைச்சு வெச்சது. இனிமே என்ன, சொல்லிப்புடுறேன். மாப்பிள்ளை வீட்டுல ஏதோ அவசரம், மார்கழின்னும் பாக்காம நாள் குறிச்சுட்டாக. பெரியம்மா மணையில வந்து உக்காந்தா. தாலியக் கையில எடுக்கையில எந்திரிச்சுட்டா. மார்கழியில கழுத்த நீட்ட மாட்டேன், தையில வாங்கன்னு சொல்லிட்டுக் கொல்லப்பக்கமாப் போனவதான். திரும்பி வரலை. ஊருக்கு அவமானம்னு, செத்துப் போயிட்டான்னு சொல்லிட்டாக."

"எங்கப்பாவ வேண்டாம்னுட்டா போனாக?" என்றார் சங்கரபாண்டி. முகம் சிவந்துவிட்டது.

"உங்கப்பாவ ஏன் வேண்டாங்குறா? மார்கழியத்தான் வேண்டாம்னா. தையில நீங்கதான வரலை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுபத்தைந்து வருடத்துக்கு முன் அவர் பிறக்கவே இல்லை. ஆனாலும் தப்பு தன்னுடையது போல உட்கார்ந்திருந்தார்.

அம்மா சந்தேகப்பட்டாள். "அண்ணி, அம்பதுல செத்ததாப் போட்டிருக்கே. நீங்க தலை பின்னி விட்டான்னு சொன்னீக?"

"அதைத்தானடி சொல்றேன். செத்திருந்தா அம்பத்தொண்ணுல பொறந்த எனக்கு எப்படித் தலை பின்னுவா? யாருக்கும் தெரியாம எங்கம்மாவப் பாக்க வருவா. வந்தா எனக்குச் சடை போட்டுட்டுப் போவா. அப்புறம் வர்றது நின்னுருச்சு." அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "தாலி ஏறலைல்ல? அப்ப நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் ஒறவே இல்லைல்ல?"

"ஒரு ஒறவும் இல்ல. ஒரு பாக்கிதான் இருக்கு" என்றார் அத்தை. "நின்னு போன கல்யாணத்தை இந்த ரெண்டு பேரும் நடத்திட்டுப் போகட்டும். வைகாசியில வைங்க. மறந்தும் மார்கழியில வெச்சுப்புடாதீக."

சங்கரபாண்டி முதலில் காபியை எடுத்தார். டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று அம்மா நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

பிப்ரவரி 5

அத்தையைப் பேருந்து ஏற்றிவிடப் போனேன். "அத்தை, நேத்துச் சொன்னது..."

"எங்கம்மா ஒத்தப் பொண்ணுடி" என்றார், ஜன்னலோரம் உட்கார்ந்தபடி. "கூடப் பொறந்தது ஒரு குஞ்சு குருமான் கிடையாது."

"மொதல்லயே தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லலை?"

"அந்த வெடிக்காரப் பயலுக்கு ஒன்னையக் குடுக்க எனக்கும் இஷ்டமில்ல. அதுக்குத்தான் மொதல்ல சொன்னேன்." வண்டி கிளம்பக் காத்திருந்தோம். அத்தை வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "அம்மா போனப்ப எனக்குப் பதினாறு, ஒங்கப்பனுக்கு நாலு. அவங்க பக்கத்துல இருந்து எட்டிப் பாக்க ஒரு ஆளு வரலை. வர்றதுக்கு ஆளே இல்லை. இவனுக்கு நான்தான் தலை துவட்டி விட்டேன். எனக்குத் தலை பின்னி விட ஒரு பெரியம்மா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு எத்தனை நாளு நெனைச்சிருக்கேன் தெரியுமா? நீ ஒருத்தியக் கொண்டாந்து குடுத்த. இருந்துட்டுப் போகட்டுமே."

நடத்துனர் விசில் ஊதினார்.

"வர்ற மார்கழிக்கு முன்னாடியும் புடவை எடுத்துரு. பெரியம்மாவுக்குப் பச்சையும் பிடிக்கும்" என்றார் அத்தை.

ஏப்ரல் 21, ஞாயிறு

கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அச்சகத்திலிருந்து அப்பா வாங்கி வந்தார். பிழை இருந்தால் நான்தான் கண்டுபிடிப்பேன் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். கையில் இன்னொரு பத்திரிகையும் இருந்தது, பழுப்பேறியது. 1988, அவர் கல்யாணத்துக்கு அடித்தது.

"பாத்தியாம்மா, எங்கப்பா பக்கம் இருபத்தாறு பேரு. அம்மா பக்கம் ஒண்ணுமில்ல. அந்த எடத்துல அச்சகத்துக்காரன் ரெண்டு வாழை மரம் போட்டுக் குடுத்தான்."

எங்கள் பத்திரிகையைப் பிரித்தேன். அதே இடத்தில் வாழை மரம் இல்லை. தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது:

'அப்பாவைப் பெற்ற அம்மா வீரம்மாள், பெரியம்மா அன்னப்பேச்சி ஆகியோரின் நல்லாசியுடன்.'

"எங்க போனாங்கன்னு தெரிஞ்சிருந்தா ஊரையும் போட்டிருக்கலாம்" என்றார் அப்பா. "கல்யாணம் முடியட்டும். மாப்பிள்ளையும் நானுமாத் தேடப் போறோம்."

உண்மையை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னொருமுறை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா அந்த வரியை ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போல விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

பெயர், தேதி, முகூர்த்த நேரம், மண்டபத்து முகவரி எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். பன்னிரண்டு வருடம் கிளெய்ம் பார்த்த கண். 'பிழை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன்.